ஆஸ்திரேலியாவின் விசித்திரப் பாம்புகள்: எது எந்த வம்சம் என்று கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

1802ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஷாவிடம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குட்டையான, பருத்த பாம்பு வந்து சேர்ந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பிளாட்டிபஸை உலகுக்கு முதன்முதலில் விவரித்தவர் இதே ஷாதான். உடலின் பருமனைப் பார்த்த அவர், பாம்புக்கு 'போவா அண்டார்க்டிகா' என்று பெயர் வைத்தார். அதாவது, இரையை நெரித்துக் கொல்லும் நஞ்சற்ற பாம்புகளோடு அதைச் சேர்த்துவிட்டார். ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையர்கள் அதன் முக்கோணத் தலையைப் பார்த்து 'டெத் ஆடர்' என்றார்கள். ஆடர் என்றால் விரியன்.

இரண்டு பெயருமே தவறு. அந்தப் பாம்பு போவாவும் இல்லை, விரியனும் இல்லை. அது நம் நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தக் குழப்பம் நமக்கும் புதிதல்ல. கட்டுவிரியன் என்கிறோம். பெயரில் விரியன் இருந்தாலும் அது விரியன் குடும்பமே இல்லை, நாகக் குடும்பம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும்தான் உண்மையான விரியன்கள். உருவத்தையும் பெயரையும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு ஆஸ்திரேலியா முழுக்கச் சான்றுகள் கிடக்கின்றன. அதனால்தான் பாம்புகளின் வகைப்பாட்டைக் கற்க விரும்புபவர்களிடம் நான் எப்போதும் ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்லும் அடையாளங்களைப் படத்திலோ, உரித்த சட்டையிலோ, அருங்காட்சியக மாதிரியிலோ மட்டும் பாருங்கள். உயிருள்ள பாம்பின் தலைச் செதிலை எண்ணிப் பார்க்க முயல வேண்டாம்.

படி 1: முதலில் அது பாம்புதானா என்று பாருங்கள்

வேறு நாடாக இருந்தால் இந்தக் கேள்வியை விட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அங்கே பைகோபாடிடே என்றொரு குடும்பம் இருக்கிறது. காலிழந்த பல்லிகள், 40க்கும் மேற்பட்ட இனங்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் வெளியே இவை கிடையாது. நெருங்கிய உறவு யார் என்றால், சுவரில் ஓடும் பல்லியின் கூட்டமான கெக்கோக்கள்.

லியாலிஸ் பர்ட்டோனிஸ் என்ற இனத்தின் படத்தைப் பார்த்தால் யாரும் பாம்பு என்றுதான் சொல்வார்கள். நீண்ட கூர்மூஞ்சி, இமையில்லாத கண், வழுக்கிச் செல்லும் உடல். கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் சிறிய காதுத் துளை தெரியும். எந்தப் பாம்புக்கும் வெளிக்காது கிடையாது. உடல் முடியும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிய தோல் மடல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது பின்னங்காலின் மிச்சம். நாக்கு பாம்பைப்போல ஆழமாகப் பிளந்திருக்காது. தடித்து அகன்றிருக்கும், அதனாலேயே கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும். வால் பெரும்பாலும் உடலைவிட நீளம், பல்லி வால்போல அறுந்தும் விழும்.

காதுத் துளையோ மடலோ இருந்தால் அது பல்லி. இரண்டும் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: யார் எப்போது வந்தார்கள் என்ற கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் செதிலை மட்டும் எண்ணினால் ஒன்றும் விளங்காது.

ஆஸ்திரேலியா ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற பெருநிலத்தின் பகுதி. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, அண்டார்க்டிகா எல்லாம் ஒட்டிக்கிடந்த காலம் அது. அந்தக் காலத்தின் பழைய குடிகள் மாட்சோயிடே என்ற பாம்புகள். குவீன்ஸ்லாந்தின் மர்கனில் சுமார் 5.5 கோடி ஆண்டுப் பழைய மண்ணில் அவற்றின் முள்ளெலும்புகள் கிடைத்திருக்கின்றன. படகோனியாவிலும் மடகாஸ்கரிலும் இதே குடும்பம் உண்டு. 2024இல் ஐஐடி ரூர்க்கியைச் சேர்ந்த தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் குஜராத்தின் கட்ச் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த எலும்புகளுக்கு 'வாசுகி இண்டிகஸ்' என்று பெயரிட்டார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். வயது சுமார் 4.7 கோடி ஆண்டு.

மற்ற நாடுகளில் மாட்சோயிடே எப்போதோ அழிந்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் மட்டும் மிக அண்மைக்காலம் வரை தாக்குப்பிடித்தன. தெற்கு ஆஸ்திரேலியாவின் நரகூர்ட் குகைகளில் கிடைத்த வொனாம்பி நரகூர்ட்டென்சிஸ் 5, 6 மீட்டர் நீளம் இருந்திருக்கும். 1976இல் மெரடித் ஸ்மித் அதை விவரித்தார். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்புவரைகூட அது வாழ்ந்திருக்கிறது. வடக்கே கிடைத்த இன்னொன்றுக்கு யுர்லுங்கூர் என்று பெயர். இரண்டுமே பழங்குடிகளின் வானவில் பாம்புக் கதைகளிலிருந்து எடுத்த பெயர்கள். இந்தப் பாம்புகளின் தாடை இன்றைய பாம்புகளின் தாடையளவு தளர்ந்து விரியாது. அதனால் இவை இன்றுள்ள எல்லாப் பாம்புகளுக்கும் முன்பே பிரிந்த கிளை என்பது ஜான் ஸ்கான்லன் போன்ற புதைபடிவ ஆய்வாளர்களின் கருத்து. மறுப்பவர்களும் உண்டு. சண்டை இன்னும் ஓயவில்லை.

சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பின்னாக ஆஸ்திரேலியா அண்டார்க்டிகாவை விட்டு முழுமையாக விலகி வடக்கே நகர்ந்தது. ஆசியாவை நெருங்க நெருங்க வடக்கு வாசல் திறந்தது. இன்று அங்கே ஊரும் பாம்புகள் ஏறக்குறைய எல்லாமே அந்த வாசல் வழியாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்பதே இப்போது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. மலைப்பாம்புகளும் குருட்டுப் பாம்புகளும் முன்னால் வந்தவை. நாகக் குடும்பம் வந்து 2 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. குவீன்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லே புதைபடிவங்கள் அதற்குச் சாட்சி. சாரைப்பாம்பு சேர்ந்த கொலுப்ரிடே குடும்பம் கடைசியாக வந்தது. உலகத்தில் மற்ற இடங்களில் எல்லாம் கோலோச்சும் அந்தக் குடும்பத்துக்கு ஆஸ்திரேலியாவில் உள்ள இனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விரியன் வரவே இல்லை. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விரியனும் இல்லை, சாரைக் கூட்டமும் தாமதம் என்றால் காலி இடங்கள் நிறைய. முன்னால் வந்த நாகக் குடும்பம் அந்த இடங்களை எல்லாம் பிடித்துக்கொண்டது. இன்று அங்கே உள்ள நிலப்பாம்பு இனங்களில் பாதிக்கும் மேல் நாகக் குடும்பம். விரியன்போல ஒன்று, சாரைபோல ஒன்று, மண்ணுக்குள் புழுபோல ஒன்று என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு தொழிலுக்குப் போன மாதிரி.

படி 3: வயிற்றையும் முகத்தையும் பாருங்கள்

வயிற்றுச் செதிலும் முதுகுச் செதிலும் ஒரே அளவில், உடல் வழவழவென்று குழாய்போல இருந்தால் குருட்டுப் பாம்பு. உடல் முழுக்க மணல்தாள்போலச் சொரசொரவென்று, தோல் தொளதொளவென்று தொங்கினால் அரத்தோல் பாம்பு. கழிவுத் துளைக்குப் பக்கத்தில் சிறிய நகம்போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் மலைப்பாம்பு. அதுவும் காலின் மிச்சம்தான்.

இவை எதுவும் இல்லாமல் அகன்ற வயிற்றுச் செதிலோடு இருந்தால் முகத்துக்கு வாருங்கள். மூக்குத் துளை உள்ள செதிலுக்கும் கண்ணுக்கு முன்னால் உள்ள செதிலுக்கும் நடுவே தனியாக ஒரு சின்னச் செதில் இருக்கிறதா? அதற்கு லோரியல் என்று பெயர். நாகக் குடும்பத்துக்கு அது கிடையாது. கொலுப்ரிடேவில் பெரும்பாலும் உண்டு. நம் ஊரிலும் இதைச் சரிபார்க்கலாம். சாரை உரித்த சட்டையின் தலைப்பகுதி கிழியாமல் கிடைத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், லோரியல் தெளிவாகத் தெரியும். நல்ல பாம்பின் சட்டையில் அந்த இடத்தில் மூக்குச் செதிலும் கண் செதிலும் நேராக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த ஒரு சோதனையிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

படி 4: வேடத்தைக் கழற்றுங்கள்

இப்போது ஷாவை ஏமாற்றிய டெத் ஆடருக்கு வருவோம். இன்றைய பெயர் அகாந்தோஃபிஸ் அண்டார்க்டிகஸ். தலை அகன்றது, கழுத்து ஒடுங்கியது, கண்மணி பூனைக்கண்போலச் செங்குத்துக் கோடு. சருகுக்குள் உடலைப் பாதி புதைத்து அசையாமல் கிடக்கும். வால் நுனியை மட்டும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கும். அந்த நுனி மெல்லிசாக, உடலின் நிறத்திலிருந்து மாறி இருக்கும். ஓணான் மாதிரி ஏதாவது அருகில் வந்தால் வால் நுனி துடிக்கும், நெளியும், நிற்கும், மறுபடி நெளியும். அச்சு அசல் புழு. புழு என்று நம்பிப் பாய்ந்ததன் கதை அத்தோடு முடிந்துவிடும்.

எல்லாம் விரியனின் வாழ்க்கை. ஆனால் லோரியல் செதிலைத் தேடினால் இல்லை. பல்லைப் பார்த்தால், விரியனின் நச்சுப்பல் மடக்குக் கத்திபோல முழுதாக மடங்கிக்கொள்ளும், இதற்கு அப்படி மடங்காது. குடும்பத்தின் மற்ற பாம்புகளைவிடப் பல் நீளமும் அசைவும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மரபணுவும் இதையே உறுதி செய்கிறது.

வேறு வேறு வம்சங்கள் ஒரே மாதிரி வாழ்ந்து ஒரே மாதிரி உருவத்துக்கு வந்து சேர்வதைக் குவி பரிணாமம் என்பார்கள். காத்திருந்து பிடிக்கும் பாம்புக்குப் பருத்த உடலும் பெரிய தலையும் லாபம். அந்த லாபம் யார் வந்தாலும் அதே உருவத்தைத்தான் செதுக்கும். ஆகவே, வாழ்க்கை முறையோடு நேரடியாக ஒட்டிய அடையாளங்களை வகைப்பாட்டில் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத, கன்னத்தில் ஒரு செதில் இல்லாமல் போன சங்கதி அதைவிட நம்பகமானது.

படி 5: மண்ணுக்குள் இருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

மண்ணுக்குள் வாழும் பாம்புகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். குறைந்தது இரண்டு வம்சங்கள் அங்கே கலந்து கிடக்கின்றன.

முதலாவது குருட்டுப் பாம்புகள். ஆஸ்திரேலிய இனங்களை முன்பு டைஃப்லாப்ஸ் என்றார்கள், பிறகு ராம்ஃபோடைஃப்லாப்ஸ் என்றார்கள், 2014இலிருந்து அனிலியோஸ் என்கிறார்கள். எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் புழுவும்தான் உணவு. இவற்றோடு ஒரு விருந்தாளியும் உண்டு. நம் வீட்டுப் பூந்தொட்டி மண்ணைக் கொட்டும்போது மண்புழு என்று நினைத்துத் தொட்டால் வழுக்கிக்கொண்டு விரைந்து ஓடுமே, அந்தக் கருத்த சின்னப் பாம்பு. செடித் தொட்டிகளோடு பயணம் செய்து டார்வின் நகரம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் இனத்தில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், கருவுறாமலே முட்டையிடும். ஒன்றே ஒன்று போய்ச் சேர்ந்தாலும் குடும்பம் தொடங்கிவிடும்.

இரண்டாவது, நாகக் குடும்பத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கியவை. பேண்டி பேண்டி என்ற வெர்மிசெல்லா இனங்கள் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்டிருக்கும். சீண்டினால் உடலை வளைத்து, தரையிலிருந்து செங்குத்தாகத் தூக்கி, வளையல்போல நிறுத்திக்கொண்டு நிற்கும். உணவு? குருட்டுப் பாம்பு. கிட்டத்தட்ட அது மட்டுமே. முதல் வம்சத்தைத் தின்றே இரண்டாம் வம்சம் வாழ்கிறது.

இவற்றோடு மண்வெட்டி மூக்குப் பாம்புகளும் உண்டு. பிராக்கியூரோஃபிஸ் என்பது பேரினம் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதி), முன்பு சிமோசெலாப்ஸில் சேர்த்திருந்தார்கள். மூக்கு நுனி மண்வெட்டிபோலத் தட்டையாகி மேல்நோக்கி இருக்கும். அவற்றில் சில, பல்லி முட்டையைத் தவிர வேறெதையும் ஏறக்குறையத் தொடுவதில்லை. பின்பக்கப் பற்கள் முட்டைத் தோலைக் கீறும் கத்தியாக மாறியிருக்கின்றன. ஆசியாவின் குக்ரி பாம்புகளும் கத்திப் பல்லால் முட்டையைக் கீறுபவைதான், ஆனால் அவை கொலுப்ரிடே. மறுபடியும் குவி பரிணாமம்.

படி 6: 'பழமையானது' என்ற சொல்லைச் சந்தேகப்படுங்கள்

மலைப்பாம்புகளில் கருந்தலை மலைப்பாம்பும் வோமாவும் தனி ரகம். ஆஸ்பிடிடெஸ் பேரினம். மற்ற மலைப்பாம்புகளின் உதட்டோரம் வரிசையாக வெப்பம் உணரும் குழிகள் இருக்கும். இவற்றுக்கு அந்த வரிசை இல்லை. உதட்டுக்குழி தோன்றுவதற்கு முன்பே பிரிந்த ஆதிக் கிளை இது என்ற முடிவுக்கு, உடலமைப்பை வைத்து 1993இல் அர்னால்ட் குளூகே வந்தார். கேட்டால் நியாயமாகத்தான் படும்.

மரபணு வந்த பிறகு கதை மாறியது. ஆஸ்பிடிடெஸ் ஆஸ்திரேலிய மலைப்பாம்புக் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அப்படியானால் முன்னோர்களுக்குக் குழி இருந்து, இவை பின்னால் இழந்திருக்க வேண்டும். பல்லியையும் மற்றப் பாம்புகளையும் முக்கியமாகத் தின்று வாழ்பவைக்குச் சூடான ரத்தத்தைத் தேடும் கருவி அவ்வளவு தேவைப்பட்டிருக்காது.

இல்லாத உறுப்பு என்றால் இரண்டு விளக்கம் உண்டு. வரவே இல்லை, அல்லது வந்து போய்விட்டது. வெறும் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. குடும்ப மரத்தில் அக்கம்பக்கத்துக் கிளைகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

படி 7: நீருக்குள் எத்தனை முறை இறங்கினார்கள் என்று எண்ணுங்கள்

எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடித்தது. ஆஸ்திரேலிய நீர்களில் உள்ள பாம்புகள் ஒரே முறை நீருக்குள் இறங்கியவை அல்ல.

அரத்தோல் பாம்புகளான அக்ரோகோர்டஸ் ஒரு தனிக் குடும்பம். உலகத்தில் மொத்தமே மூன்று இனங்கள், அதில் இரண்டு ஆஸ்திரேலியாவில் உண்டு. மூன்றில் சிறியது நம் கடலோரச் சேற்றிலும் இருக்கிறது. சொரசொரத் தோல் மீனை வழுக்காமல் பிடிக்க உதவும். தரையில் போட்டால் சாக்குப்பைபோலச் சரிந்துவிடும். ஆர்ன்ஹெம் நிலத்துப் பழங்குடிப் பெண்கள் குட்டை நீரில் இறங்கி, கையாலும் காலாலும் துழாவியே இவற்றைப் பிடித்து உணவாக்குகிறார்கள்.

அலையாத்திக் காட்டின் ஹோமலாப்சிடே இன்னொரு குடும்பம். அதில் ஃபோர்டோனியா லியூகோபாலியா நண்டைப் பிடித்து, காலை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்னும். இரையைப் பிய்த்துத் தின்னும் பாம்பு உலகிலேயே அபூர்வம்.

அப்புறம் நாகக் குடும்பத்திலிருந்து இரண்டு தடவை. கரைக்கு வந்து முட்டையிடும் லாட்டிகாடா ஒரு கிளை. குட்டி போடும், கரையே ஏறாத உண்மையான கடல்பாம்புகள் வேறொரு கிளை. இரண்டுக்கும் துடுப்பு வால் உண்டு, ஆனால் தனித்தனியாக வந்த வால்கள். லாட்டிகாடா ஆஸ்திரேலிய நாகக் கூட்டம் கிளைவிடத் தொடங்கும் இடத்திலேயே பிரிந்துவிட்டது. கடல்பாம்புகளோ, ஆஸ்திரேலிய நிலத்தில் குட்டி போடும் நாகக் குடும்பப் பாம்புகளுக்கு நடுவிலிருந்து கிளம்பியவை. சதுப்பு நிலத்துத் தவளை தின்னும் ஹெமியாஸ்பிஸ்தான் அவற்றின் நெருங்கிய சொந்தம். பிரிந்து, பெரும்பாலான கணக்குகளின்படி, ஒரு கோடி ஆண்டுதான் இருக்கும். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள்.

அதில் சில என்னென்ன ஆகியிருக்கின்றன பாருங்கள். எமிடோசெஃபாலஸ் மீன் முட்டையை மட்டும் சுரண்டித் தின்கிறது. முட்டைக்கு எதற்கு நஞ்சு? நஞ்சுக் கருவியே சுருங்கிப்போனது. இதே உணவுக்கு மாறிய ஐபிசுரஸ் ஐடோக்ஸியின் முக்கிய நஞ்சு மரபணு ஒன்றில் இரண்டே எழுத்துகள் விடுபட்டு, அந்த நஞ்சே செயலிழந்திருப்பதை 2005இல் கண்டார்கள். அதன் உறவான ஐபிசுரஸ் லேவிஸ் வால் தோலால் வெளிச்சத்தை உணர்கிறது. தலையைப் பாறை இடுக்கில் ஒளித்துக்கொண்டு வால் வெளியே நீட்டியிருந்தால் அதற்குத் தெரிந்துவிடும்.

நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்று இங்கேதான் வருகிறது. நம் கடற்கரையில் மீன் வலையில் அடிக்கடி சிக்கும் அலகுமூக்குக் கடல்பாம்பு, ஹைட்ரோஃபிஸ் ஷிஸ்டோசஸ். வலக்கடியன் என்ற பெயர் பழைய விலங்கியல் நூல்களிலேயே ஏறியிருக்கிறது. கீழ்த்தாடை நுனியில் உள்ள செதில் நீண்டு ஒடுங்கி, ஒரு பள்ளத்துக்குள் புதைந்திருக்கும். வாயை மிக அகலமாகத் திறக்க அது வழிசெய்கிறது. பாரசீக வளைகுடாவிலிருந்து ஆஸ்திரேலியாவரை இது ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2013இல் கனிஷ்க உக்குவெல தலைமையில் ஆசிய மாதிரிகளின் மரபணுவை ஆஸ்திரேலிய மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் வேறு வேறு இனங்கள், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுகூட இல்லை. ஆஸ்திரேலியப் பாம்புக்கு இப்போது ஹைட்ரோஃபிஸ் ஸ்வைஃபெலி என்று பெயர். அந்தத் தாடைப் பள்ளம் உட்பட அதே முகம் இரண்டு முறை தோன்றியிருக்கிறது. பாம்பு வகைப்பாட்டில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. மருத்துவத்திலும் இதற்கு விளைவு உண்டு, ஏனென்றால் நஞ்சுமுறி மருந்தை எந்தப் பாம்பின் நஞ்சில் செய்தார்கள் என்பது முக்கியம்.

படி 8: பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அறிவியல் பெயருக்குப் பின்னால் ஓர் ஆளின் பெயரும் ஆண்டும் இருக்கும். அவை அடைப்புக்குறிக்குள் இருந்தால், முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டு, பின்னால் மாற்றப்பட்டது என்று பொருள். டெத் ஆடரின் பெயர் அடைப்புக்குறியோடுதான் வரும். ஷாவின் 'போவா' அதற்குள் ஒளிந்திருக்கிறது.

பேரினம் மாறுவதைக் கண்டு சலிக்காதீர்கள். ஓயன்பெல்லி மலைப்பாம்பு 1977இல் பைத்தான், பிறகு மொரேலியா, சிமாலியா, 2020இலிருந்து நவரன். கடைசிப் பெயர் அந்த நிலத்துக் குன்விஞ்கு மக்கள் அந்தப் பாம்பை அழைக்கும் சொல்.

ஒரே பாம்புக்கு முன்பின் கேள்விப்படாத பேரினப் பெயர் எங்காவது தென்பட்டால், எந்த இதழில் வந்தது, சக ஆய்வாளர்கள் சரிபார்த்தார்களா என்று பாருங்கள். ஆதாரம் காட்டாமல் சொந்த வெளியீடுகளில் கூட்டம் கூட்டமாகப் பெயர் வைக்கும் வழக்கம் ஆஸ்திரேலியப் பாம்புகளைப் பெரிதும் பாதித்தது. அப்படிப்பட்ட பெயர்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று 2013இல் ஊர்வன ஆய்வாளர்கள் பலர் வெளிப்படையாக அறிவித்தார்கள். ரெப்டைல் டேட்டாபேஸ் தளத்தில் பழைய பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். எந்த இனத்தைப் படிக்கத் தொடங்கினாலும் அந்த வரிசையை முதலில் வாசியுங்கள். யார் எங்கே ஏமாந்தார்கள் என்பது அதிலேயே தெரியும்.

படி 9: தெரிந்த இனத்தையும் மறுபடி பாருங்கள்

குவீன்ஸ்லாந்தின் வைபா துறைமுகத்தில் பாம்பு நஞ்சு ஆய்வாளர் பிரையன் ஃப்ரை குழுவினர் கடல்பாம்பு தேடிப் போயிருந்தார்கள். பாக்சைட் ஏற்றும் இடத்துக்கு அருகே, கடலோரக் கான்கிரீட் கட்டையில் கறுப்பு வெள்ளை வளையத்தோடு ஒரு பாம்பு. மண்ணுக்குள் வாழும் பேண்டி பேண்டிக்கு அங்கே என்ன வேலை? வளையங்களின் அமைப்பும் தெரிந்த இனங்களோடு ஒத்துப்போகவில்லை. அருங்காட்சியக மாதிரிகளைப் புரட்டினார்கள், செதில்களை எண்ணினார்கள், மரபணுவைப் பார்த்தார்கள். 2018இல் அது வெர்மிசெல்லா பார்ஸ்காடா என்ற புதிய இனமாக வெளிவந்தது.